சப்பாத்துத் தட்டில் உப்பு

கிட்ட வாருங்கள், என் கண்ணுகளே. கதவோரம் இருப்பவர்கள் இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளி இருங்கள், அங்கே குளிர் வரும். சூனியத்தைப் புத்தகம் பார்த்துப் படித்த ஒருத்தியைப் பற்றியும், அந்தப் புத்தகத்துக்குள் தன்னை அறியாமலே போய்ச் சேர்ந்த இன்னொருத்தியைப் பற்றியும் ஒரு கதை சொல்லப்போகிறேன். பயப்படவேண்டாம். எலும்பு, மண்டையோடு ஒன்றும் வராது. ஒரு பிடி உப்பும், நாலு மிளகாயும், ஒரு துவாயும்தான் வரும்.

மொன்றியல் நகரத்தில் கோட்-டே-நேஜ் பக்கம் மூன்று மாடிச் செங்கல் கட்டடம் ஒன்று. அதன் நடுமாடியில் றோசலினும் அவள் புருஷன் அம்புறோசும் இருந்தார்கள். றோசலின் பாஷையூர்க்காரி. குளிர்ச்சட்டை தைக்கிற தொழிற்சாலையில் பதினைந்து வருஷமாக வேலை. பிள்ளைகள் இல்லை. கேட்டுக் கேட்டுக் களைத்துப்போய், ஒருநாள் இருவரும் கேட்பதை நிறுத்திவிட்டார்கள். அதைப் பற்றிப் பிறகு அந்த வீட்டில் யாரும் கதைத்ததில்லை.

அவளுடைய அக்கா அக்னெஸ் அதே நகரத்தின் இன்னொரு பக்கத்தில், லாசாலில் இருந்தாள். இந்த நாட்டுக்கு வந்த புதிதில் அக்காவும் தங்கையும் ஏழு வருஷம் ஒரே வீட்டில் இருந்தவர்கள். அக்னெஸின் மகள் மெலனி இரண்டு மடியிலும் மாறி மாறி வளர்ந்தவள். எந்த மடியில் நித்திரையானாள் என்று அவளுக்கே தெரியாது. அந்த மெலனிக்கு இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டு கார்த்திகையில் ஒரு பெண்பிள்ளை பிறந்தது. றொஷினி என்று பேர் வைத்தார்கள்.

தை மாதம் றோசலின் பிள்ளை பார்க்கப் போனாள். கையில் வாங்கினாள். வாங்கினதும் வாய் முந்திவிட்டது.

"எடியக்கா, வெண்ணெய்க்கட்டி மாதிரியெல்லோ இருக்கிறாள்! கன்னத்தைக் கிள்ளித் தின்னலாம்போலக் கிடக்கு."

நம்முடைய ஆட்கள் பிள்ளையைப் புகழ்ந்தால் கையோடு "நாவூறு படக்கூடாது" என்று ஒரு சொல்லும் சேர்த்துச் சொல்லிவிடுவார்கள். கண்ணைவிட நாக்குக்குத்தான் நமக்குப் பயம். ஆசையோடு சொல்லும் ஒரு சொல்லே பிள்ளையில் விழுந்து ஒட்டிக்கொள்ளும் என்பார்கள். றோசலினுக்கு அன்றைக்கு அந்தச் சொல் வரவில்லை. சந்தோசத்தில் மறந்துபோனாள்.

மறுநாள் பிள்ளைக்குக் காய்ச்சல். மூச்சு இழுத்தது. ஆறு நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். பிள்ளை சுகமாகி வந்துவிட்டது, அது பெரிய காரியம். ஆனால் அந்த ஆறு நாளுக்குள் அக்னெஸ் தொலைபேசியில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டாள்.

"பிள்ளை பெறாதவளின்ர வாய் பொல்லாத வாய் எண்டு தெரிஞ்சும் உன்ர கையில குடுத்தனே, என்னைச் சொல்லவேணும்."

சொன்னதோடு நிற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து மண்டபத்தில் தேத்தண்ணி குடிக்கிற இடத்திலும் சொன்னாள். அதற்குப் பிறகு றோசலின் கிட்டப் போனால் தாய்மார் பிள்ளையின் முகத்தைத் தோளுக்குள் திருப்பிக்கொண்டார்கள். கோபமாக அல்ல, மெதுவாக, மரியாதையாகத்தான் செய்தார்கள். அதுதான் கூட நொந்தது.

நாவூறு கழிப்பது எப்படி என்று தெரியாத பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். யாருடைய வாய் என்று சந்தேகமோ அவர்களுடைய காலடி மண்ணில் ஒரு சிட்டிகை எடுக்கவேண்டும். அவர்களுக்குத் தெரியாமல் எடுக்கவேண்டும். அதோடு உப்பு, செத்தல் மிளகாய். பிள்ளையின் தலையை மூன்று தரம் சுற்றி நெருப்பில் போடவேண்டும். மிளகாய் மணந்து, நெடி ஏறி, எல்லாரும் தும்மினால் நாவூறு இல்லை. மணக்காமல் எரிந்துபோனால் அங்கே ஏதோ இருந்திருக்கிறது. கோயிலுக்குப் போகிற நம் சனமும் செய்யும், சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு செய்யும்.

ஆனால் மொன்றியலில் தை மாதம் மண்ணுக்கு எங்கே போவது? நாலடி பனிக்குக் கீழே கிடக்கிறது. அக்காவும் தங்கையும் ஒரே வீட்டில் இருந்த காலத்தில் இதற்கொரு வழி கண்டுபிடித்திருந்தார்கள். வாசலில் சப்பாத்து வைக்கிற கறுப்பு றப்பர்த் தட்டு இருக்கிறதல்லவா? தெருவில் பனி உருகப் போடுகிற உப்பும் பொடிக்கல்லும் சப்பாத்தோடு வந்து, தண்ணீர் காய்ந்ததும் தட்டில் வெள்ளையாகப் படிந்து கிடக்கும். வந்தவர் போனவர் எல்லாருடைய காலடியும் அங்கேதான். "காலடியுமாச்சு, உப்புமாச்சு" என்று அக்னெஸ் அந்த நாளில் சிரித்தாள்.

இன்னொரு சிக்கலும் இருந்தது. குசினிக் கூரையில் புகை அலாரம். முதல்தரம் மிளகாய் போட்டபோது அது அலறின அலறலில் றோசலின் கதிரைமேல் ஏறித் துவாயால் வீசினாள். அதற்குப் பிறகு தாச்சியை அடுப்பில் வைக்கும் முன்பே துவாயையும் எடுத்து வைத்துவிடுவார்கள். வீசுவது சின்ன மெலனியின் வேலை.

இனிக் கதைக்கு வருகிறேன்.

அக்கா அந்தச் சொல்லைச் சொன்ன கிழமை, சனிக்கிழமை பத்து மணியிருக்கும். அம்புறோஸ் வேலைக்குப் போய்விட்டார். றோசலின் தட்டுக்கு முன்னால் குந்தினாள். புருஷனுடைய சப்பாத்துப் பக்கம் கை வைக்கவில்லை. தன்னுடைய சப்பாத்தின் அடியைச் சுரண்டி, அந்த உப்பை மட்டும் எடுத்தாள். சந்தேகம் தன்மேல்தானே? அக்கா சொன்னதை அவள் பாதி நம்பிவிட்டாள், பிள்ளைகளே. நம்மை மற்றவர் சந்தேகிப்பதைத் தாங்கலாம். நாமே நம்மைச் சந்தேகித்தால் எங்கே போய் ஒளிப்பது?

சுற்றுவதற்குப் பிள்ளை இல்லை. றொஷினிக்கென்று மிச்சத் துணியில் தைத்துக்கொண்டிருந்த சிவப்புக் குளிர்ச்சட்டை இருந்தது. அதை மேசையில் விரித்து, மூன்று தரம் சுற்றித் தாச்சியில் போட்டாள்.

நெடி என்றால் அப்படியொரு நெடி. கண்ணைத் திறக்க முடியவில்லை. அலாரம் அலறியது. கீழ்வீட்டுக் கிழவர் இருமிக்கொண்டு வெளியே வந்தார். மேல்வீட்டுக் கத்தரின் தலைமுடி ஈரத்தோடு படியில் ஓடி வந்தாள். வந்தவள் ஒன்றும் கேட்கவில்லை. தலையில் சுற்றியிருந்த வெள்ளைத் துவாயை உருவி, சன்னலைத் திறந்து, ஒன்று, இரண்டு, மூன்று என்று வீசினாள். அலாரம் ஓய்ந்தது.

"அழுகிறாயா, மதாம் றோசலின்?" என்று பிரெஞ்சில் கேட்டாள்.

"மிளகாய்" என்றாள் றோசலின்.

இரண்டும்தான்.

கத்தரின் இந்த நாட்டுக்காரி. நாற்பது தாண்டியவள். வயதானவர்களின் வீட்டுக்குப் போய் அவர்களைப் பார்த்துக்கொள்கிற வேலை. கழுத்தில் ஒரு வெள்ளி நிலா தொங்கும். 'மேல்வீட்டுச் சூனியக்காரி' என்று அம்புறோஸ் பகிடி பண்ணுவார். அவளுக்கு அது தெரியும், ஆனால் கோபிக்கமாட்டாள், ஏனென்றால் அவளே தன்னை அப்படித்தான் சொல்வாள். அன்றைக்கு அவள் றோசலினைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய்ச் சூடாக எதையோ குடிக்கக் கொடுத்தாள். சுவர் முழுக்கப் புத்தகங்கள். எல்லாம் செய்முறைக் கைநூல்கள். எந்தக் கிழமைக்கு எந்த நிற மெழுகுதிரி, எந்த நிலாவுக்கு எந்த இலை, வீட்டைச் சுத்தம் செய்ய எவ்வளவு உப்பு.

றோசலின் ஒன்றைப் புரட்டிப் பார்த்தாள். சமையல் புத்தகம் மாதிரியே இருந்தது. தேவையான பொருட்கள், செய்முறை, எடுக்கும் நேரம் இருபது நிமிஷம். குறித்த இலை கிடைக்காவிட்டால் வேறு என்ன போடலாம் என்றும் இருந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் சிரிக்கவில்லை. தன் தலையணைக்குக் கீழே இருக்கிற நவநாள் புத்தகத்திலும் ஒன்பது நாள், ஒரு மெழுகுதிரி, இன்ன நேரம் என்றுதானே போட்டிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

"என் அம்மா கோயிலை விட்டுவிட்டாள்," என்றாள் கத்தரின். "செபமாலையை லாச்சியில் போட்டுப் பூட்டினாள். அவளுக்கு அதில் நியாயம் இருந்தது. ஆனால் அதற்குப் பதிலாக எனக்கு ஒன்றும் தரவில்லை. மனசு பயந்தால் கையால் செய்ய ஒன்றும் எனக்கு இல்லை. அதனால் கடையில் வாங்கினேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் புத்தகத்திலிருந்துதான். நீ செய்ததை எந்தப் புத்தகத்தில் படித்தாய்?"

"புத்தகம் இல்லை."

"இல்லையா!" கத்தரின் கொப்பியை எடுத்துவிட்டாள்.

சொந்தச் சனத்தில் யாரிடமும் சொல்ல முடியாததை, தொழிற்சாலையில் பொறுக்கின பிரெஞ்சில் றோசலின் அவளிடம் சொன்னாள். அக்காவை, பிள்ளையை, நாக்கை, உப்பை, மணந்தால் என்ன, மணக்காவிட்டால் என்ன, எல்லாவற்றையும் சொன்னாள். கத்தரின் எழுதிக்கொண்டே இருந்தாள்.

அடுத்த வருஷம் இலையுதிர் காலத்தில் கத்தரினின் கொப்பி ஒரு புத்தகமாக வந்தது. சின்னப் பதிப்பகம் ஒன்று போட்டது. ஒரு பிரதியைக் கொண்டுவந்து இரண்டு கையாலும் தந்தாள். றோசலினுக்கு எழுத்துக்கூட்டி வாசிக்கிற பிரெஞ்சு. நாள் முழுக்க ஊசிக்கண் பார்த்த கண்ணுக்கு அது ஏலவில்லை. பத்திரமாகக் குளிர்ப்பெட்டிக்கு மேலே வைத்தாள். அங்கேயே இருந்தது. அக்காவோடு பேச்சும் இல்லாமல் இருந்தது. அலுமாரிக்குள் சிவப்புச் சட்டைகள் மட்டும் வருஷம் ஒரு அளவு கூடி மூன்றாகிவிட்டன. பிள்ளை எவ்வளவு வளர்ந்திருப்பாள் என்று கோயிலில் தூரத்திலிருந்து கண்ணால் அளந்து தைத்தவை.

இரண்டாயிரத்து ஆறு, மாசி மாதம். ஒரு சனிக்கிழமை மத்தியானம் கதவு தட்டுகிற சத்தம் கேட்டது. திறந்தால் மெலனி. நத்தார்ப் பண்டிகைக்கு ஒரு தொலைபேசி, அதோடு சரி என்று இருந்த பிள்ளை வாசலில் நின்றாள்.

"சும்மா வந்தனான், சின்னம்மா."

"வா, வா. சப்பாத்தைக் கழட்டு. தேத்தண்ணி போடுறன்."

தேத்தண்ணியோடு திரும்பி வந்தபோது மெலனி இன்னும் வாசலிலேயே குந்தியிருந்தாள். ஒரு கையில் பிளாஸ்ரிக் கரண்டி. மற்றக் கையில் சின்னப் பை.

"என்ன பிள்ளை செய்யிறாய்?"

"ஒண்டுமில்லை. சப்பாத்துக் கழட்டுறன்."

"கரண்டியாலயோ?"

மெலனியின் முகம் சிவந்தது. கரண்டியை ஒளிக்கப் பார்த்தாள், இடம் இல்லை.

"அம்மா அனுப்பினவ. றொஷினி மூண்டு கிழமையா ஒண்டும் தின்னுறாளில்லை, சின்னம்மா. காதுக்குள்ள நோ வந்தது, அது மாறீட்டுது. டொக்டர் ஒண்டுமில்லை எண்டுறார். அம்மா கண்ட கண்ட ஆக்களின்ர காலடியெல்லாம் எடுத்துச் செய்து பாத்திட்டா. இனி உங்கடை மட்டும்தான் மிச்சமாம்."

ஊசி விரலுக்குள் இறங்கினால் முதலில் நோகாது, தெரியுமா? கொஞ்சம் பொறுத்துத்தான் நோகும். றோசலின் தேத்தண்ணியை மேசையில் வைத்தாள்.

"உனக்கும் அப்பிடித்தான் நினைப்போ?"

"இல்லை. அதுக்குத்தான் இதையும் கொண்டுவந்தனான்." மெலனி தோள்பையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்தாள். "என்னோட கார்தெரியில சின்னப் பிள்ளையளைப் பாக்கிற வேலை செய்யிற பெட்டை ஒண்டு தந்தது. உங்கட ஆக்களைப் பற்றி ஒரு பாடம் இருக்கு எண்டாள்."

"அது எங்களிட்டையும் கிடக்கு. பிறிஜ்ஜுக்கு மேல."

"வாசிச்சனீங்களோ?"

"இல்லை."

மெலனி ஒரு பக்கத்தைத் திறந்து, பிரெஞ்சைப் பார்த்துப் பார்த்துத் தமிழில் சொன்னாள். "'தீமை செய்யும் புகழ்ச்சிக்கு.' இதுதான் தலைப்பு. 'தேவையான பொருட்கள்: வாசலில் சப்பாத்து வைக்கும் கறுப்புத் தட்டிலிருந்து உப்பு, காய்ந்த மிளகாய் நாலு, வெள்ளைத் துவாய் ஒன்று. ஐந்தாவது படி: சன்னலைத் திறந்து துவாயை மூன்று தரம் வெளிப்பக்கமாக வீசவும்.' துவாய், சின்னம்மா! எங்கட வீட்டை விட்டா உலகத்தில வேறை ஆர் துவாய் வீசுறவை? அப்பவே விளங்கீட்டுது இது நீங்கள் எண்டு."

"எடி விசரி, துவாய் அலாமுக்கெல்லோ!"

"என்ன?"

"அலாம் அடிக்காமல் இருக்க வீசுறது! அதுக்கும் நாவூறுக்கும் என்ன?"

மெலனி வாயைத் திறந்தபடி இருந்தாள். "நான் இவ்வளவு காலமும் அது மந்திரம் எண்டெல்லோ நினைச்சன்" என்றாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். இரண்டு வருஷத்துச் சிரிப்பு, கொஞ்சம் துருப்பிடித்திருந்தது.

பிறகு மெலனி மிச்சத்தையும் வாசித்தாள். "'இதைச் செய்பவள் முதலில் தன்னுடைய சப்பாத்தின் உப்பைப் போடவேண்டும். எனக்கு இதைச் சொன்ன மதாம் றோ. வேறு யாருடைய உப்பையும் தொடவில்லை. தன் நாக்கையே சந்தேகித்தாள். அன்று எங்கள் கட்டடத்தில் மூன்று மாடியும் இருமியது.'" அவள் பக்கத்தைத் திருப்பினாள். "'புகை எவ்வளவு தடிப்போ அவ்வளவு தீமை வெளியேறியது என்று அறிக.'"

றோசலினின் சிரிப்பு நின்றது.

மெலனிக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவள் இங்கே வளர்ந்த பிள்ளை, துவாய் பிடித்தவளுக்கு நெடியின் கணக்குச் சொல்லிக்கொடுக்க யாரும் நினைக்கவில்லை. "பாத்தீங்களோ, இருந்தது எல்லாம் போட்டுது எண்டு எழுதியிருக்கு. அம்மாட்டக் காட்டுவம்" என்றாள்.

இருந்தது போயிற்று என்றால், இருந்தது என்றுதானே அர்த்தம்? அக்கா ஒரு மண்டபத்தில் சொன்னதை இந்தப் புத்தகம் ஒரு நாடு முழுக்கச் சொல்லிவிட்டது. அது தலைகீழ் என்று றோசலினுக்குத் தெரியும். ஆனால் குற்றம் சாட்டப்பட்டவளே எழுந்து 'சட்டம் அப்படியில்லை' என்றால் யார் நம்புவார்கள்?

மெலனி விடவில்லை. இரண்டு பேரும் லாசாலுக்குப் புறப்பட்டபோது படியில் கத்தரின் ஏறி வந்தாள், கையில் காய்கறிப் பையோடு.

"கத்தரின், நான் சொன்னது இப்படி இல்லையே. மணந்தால் நல்லது என்றேன். நீ மாற்றி எழுதியிருக்கிறாய்" என்றாள் றோசலின்.

கத்தரின் பையைக் கீழே வைத்தாள். "கொப்பியில் நீ சொன்னபடிதான் இருந்தது," என்றாள் மெல்ல. "புத்தகமாக எழுதும்போது மற்றப் புத்தகங்களை எடுத்துப் பார்த்தேன். நாலிலும் புகை வந்தால் தீமை போகிறது என்றுதான் இருந்தது. நாலு புத்தகம் ஒரு பக்கம், என் கொப்பி ஒரு பக்கம். நான்தான் பிழையாகக் குறித்தேன் என்று நினைத்தேன். கீழே இறங்கி வந்து உன்னைக் கேட்டிருக்கலாம். பன்னிரண்டு படிதான்."

றோசலின் அவளைக் கோபிக்கவில்லை. தொழிற்சாலையில் துணி வெட்ட அளவு வைத்திருக்கிற ஒரு வெட்டுத்தாளை வைத்து இன்னொரு வெட்டுத்தாள் வெட்டுவார்கள். அதை வைத்து இன்னொன்று. ஐந்தாவது தாளில் தைத்த சட்டையை மாட்டிப் பார்த்தால் கை உள்ளே போகாது. ஆளை அளந்து எவ்வளவு காலம்!

"தட்டை எடு" என்றாள் மெலனியிடம்.

"எந்தத் தட்டை?"

"அம்மா கேட்டது ஒரு கரண்டி. நான் முழுத் தட்டையும் குடுக்கிறன். ஒளிச்செடுக்கத் தேவையில்லை."

லாசால் வரைக்கும் காரில் அந்த றப்பர்த் தட்டை மடியில் வைத்துக்கொண்டு போனாள் றோசலின். சாம்பல் தண்ணீர் திருப்பத்துக்குத் திருப்பம் தளும்பியது. பின் இருக்கையில் ஒரு துணிப்பை. அதில் மூன்று சிவப்புச் சட்டைகள். அதை ஏன் எடுத்து வந்தாள் என்று மெலனி கேட்கவில்லை.

அக்னெஸ் கதவைத் திறந்தாள். தங்கையைப் பார்த்தாள். தட்டைப் பார்த்தாள்.

"என்னடி இது?"

"ஒரு கரண்டி காணுமோ தெரியேல்லை எண்டு முழுக்கக் கொண்டந்தனான்."

அக்னெஸ் மகளிடம் திரும்பினாள். "உன்னை ஒரு அலுவலுக்கு அனுப்பினா இப்பிடித்தான்." பிறகு கதவை அகலத் திறந்தாள். "சரி. சப்பாத்தைக் கழட்டிப்போட்டு உள்ளுக்கு வா. குளிர் வருது."

இரண்டு வருஷத்துக்குப் பிறகு அக்கா சொன்ன முதல் நல்ல வார்த்தை அதுதான்.

பிள்ளை உள்ளறையில் நித்திரை. மூன்று பேரும் குசினி மேசையில் இருந்தார்கள். மெலனி புத்தகத்தை விரித்தாள். அக்னெஸ் கையைக் கட்டிக்கொண்டு, 'கடுதாசியில அடிச்சவளெல்லாம் கெட்டிக்காரியோ' என்கிற முகத்தோடு இருந்தாள். ஆனால் காது முழுக்க அங்கேதான். அச்சில் வந்ததற்கு அப்படியொரு பெலன் இருக்கிறது, நம்பாதவளும் நிமிர்ந்திருந்துதான் கேட்பாள்.

"தன்ர உப்பை முதல் போடுறதோ? இது புதுச் சட்டம். நாங்கள் அப்பிடிச் செய்யிறேல்லை."

"சின்னம்மா அப்பிடித்தான் செய்தவ."

அக்னெஸ் தங்கையின் பக்கம் திரும்பினாள். "ஏனடி?"

"நீ சொன்னனியெல்லோ என்ர வாய்தான் எண்டு. பேந்து நான் வேற ஆரின்ர காலடியை எடுக்கிறது?"

அக்னெஸ் கட்டின கையை அவிழ்த்தாள். மெலனி தொடர்ந்தாள். மூன்று மாடியும் இருமியது என்றாள். புகை எவ்வளவு தடிப்போ அவ்வளவு தீமை வெளியேறியது என்றாள். றோசலின் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஊசி குத்தின தழும்பு எத்தனை என்று எண்ணுகிறவள் மாதிரி. வாய் திறந்தால் சொல்லிவிடலாம். சொல்லக்கூடாது என்று பல்லைக் கடித்தாள். இந்த வாயைத்தான் அக்கா நம்பவில்லையே.

"நில்லு. திருப்பி வாசி" என்றாள் அக்னெஸ்.

மெலனி திருப்பி வாசித்தாள்.

"பிழை." அக்னெஸ் மேசையில் ஒரு தட்டுத் தட்டினாள். "முழுப் பிழை! மணக்காமல் எரிஞ்சாத்தானடி நாவூறு. நெடி ஏறினா ஒண்டுமில்லை எண்டு அர்த்தம். சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இதைக்கூட விசாரிக்காமல் ஒரு புத்தகம் அடிக்கிறாளவையோ? மூண்டு மாடியும் இருமினதெண்டா, இந்தப் பெட்டையின்ர வாயில ஒரு துளி..."

நிறுத்திவிட்டாள்.

மெலனி புத்தகத்தை மெல்ல மூடினாள். அக்னெஸ் தங்கையைப் பார்த்தாள். தங்கை இன்னும் விரல்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உனக்கு இது பிழையெண்டு தெரியுமே?"

"ஓம்."

"தெரிஞ்சும் பேசாமல் இருந்தனியே?"

"நான் சொன்னா நம்புவியோ அக்கா?"

அக்னெஸ் எழுந்தாள். வாசலுக்குப் போனாள். கரண்டியும் கையுமாகத் தன்னுடைய சப்பாத்துக்கு முன்னால் முழங்காலை மடித்துக் குந்தினாள். மூட்டு நோக்காரி, குந்துவது அவளுக்குச் சின்ன வேலை இல்லை. சுரண்டிக்கொண்டு வந்து உள்ளங்கையில் கொட்டினாள்.

"இது முதல். என்ர வாயும் இந்த ரெண்டு வருஷமாச் சும்மா இருக்கேல்லைத்தானே." பிறகு றோசலின் கொண்டுவந்த தட்டிலிருந்து ஒரு சிட்டிகை. பிறகு மிளகாய்.

கதைச் சத்தத்தில் றொஷினி எழும்பி, ஒரு காலில் மட்டும் காலுறையோடு குசினிக்கு வந்து நின்றாள். அக்னெஸ் சிலுவை அடையாளம் போட்டு, பிள்ளையின் தலையை மூன்று தரம் சுற்றித் தாச்சியில் போட்டாள்.

ஐயோ, அந்த நெடி! அக்னெஸ் இருமினாள், றோசலின் தும்மினாள், அலாரம் அலறியது. மெலனி துவாயைத் தூக்கி, சன்னலைத் திறந்து, பூசை செய்கிறவள் மாதிரி ஒன்று, இரண்டு, மூன்று என்று வீசிவிட்டு நின்றாள். அலாரம் நிற்கவில்லை.

"இன்னும் வீசடி!" என்று கத்தினாள் அக்னெஸ்.

"புத்தகத்தில மூண்டு தரம் எண்டுதான் கிடக்கு!"

இருமலுக்கும் சிரிப்புக்கும் நடுவில் அக்காவும் தங்கையும் ஒருத்தியை ஒருத்தி பிடித்துக்கொண்டார்கள். விழாமல் இருக்கப் பிடித்தார்களா, வேறெதற்குப் பிடித்தார்களா என்று நான் சொல்லத் தேவையில்லை. கண்ணில் தண்ணீர். மிளகாய்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

புகை அடங்கினதும் றொஷினி மூவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அறியாத முகத்துக்கு முன்னால் வந்து நின்றாள். றோசலின் கையை நீட்டப் போய், இழுத்துக்கொண்டாள். உதடு வரை வந்த சொல்லை விழுங்கினாள். அக்னெஸ் அதைக் கண்டுவிட்டாள்.

"சொல்லடி" என்றாள்.

"என்னத்தை?"

"நினைச்சதைச் சொல்லு. வாய்விட்டுச் சொல்லு. நான் கேக்கவேணும்."

றோசலின் பிள்ளைக்கு முன்னால் குந்தினாள். "வடிவா இருக்கிறாள், அக்கா" என்றாள். "சரியான வடிவு. உன்ர மூக்கு வந்தது மட்டும்தான் குறை."

"என்ர மூக்குக்கு என்னடி?" என்றாள் அக்னெஸ். பிள்ளையைத் தூக்கித் தங்கையின் மடியில் வைத்தாள்.

துணிப்பையைத் திறந்தார்கள். முதல் சட்டை ஒரு கைக்குக்கூடக் காணாது. இரண்டாவது வயிற்றுக்கு மேலே நின்றது. மூன்றாவது அளந்து தைத்தது மாதிரி இருந்தது. றொஷினி அதைக் கழட்ட விடவில்லை. சட்டையோடேயே மடியில் இருந்து பிஸ்கற் கேட்டாள். அரைவாசி தின்றாள். மிச்சத்தை றோசலினின் வாயில் திணித்தாள்.

கத்தரினின் புத்தகம் இரண்டாம் பதிப்பு வந்தது. புகை வரியைத் திருத்திவிட்டாள். இந்த முறை படியிறங்கி வந்து, றோசலினின் மேசையில் இருந்து வரிக்கு வரி கேட்டு எழுதினாள். றீமுஸ்கி, ஷேர்புறூக் என்று எங்கெங்கோ இருந்து பெண்கள் கடிதம் எழுதியிருந்தார்களாம். யாரையோ குற்றம் சொல்லத்தான் தொடங்கினோம், முதலில் நம் சப்பாத்தைச் சுரண்டச் சொன்னதும் கை நின்றுவிட்டது என்று. அந்த வரியை எடுக்கவா, அது உங்கள் வழக்கம் இல்லையே என்று கத்தரின் கேட்டாள். "இருக்கட்டும்," என்றாள் றோசலின், "இனி வழக்கமாகட்டும்." துவாயையும் எடுக்கவில்லை. மூன்று தரம் என்பதை மட்டும் 'அலாரம் நிற்கும் வரை' என்று மாற்றச் சொன்னாள்.

சரி, என் செல்லங்களே, எழும்புங்கள், வெளியே பனி கொட்டுகிறது. உங்கள் வீட்டு வாசல் தட்டு ஒருநாளும் வெறுமையாகக் கிடக்காமல் இருக்கட்டும். பெரிய சப்பாத்தும் சின்னச் சப்பாத்துமாக ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடக்கட்டும். வந்தவர்களின் கால் உப்பு உங்கள் வீட்டில் காயட்டும், அதை யாரும் ஒளித்துச் சுரண்டும் நாள் வராமல் போகட்டும். உங்கள் பிள்ளைகளைப் பார்த்து ஊர் வாய் முழுக்க 'வடிவு' என்று சொல்லட்டும், அந்தச் சொல் அவர்கள் உடம்பில் பாலாக ஊறட்டும். போன உறவு கதவைத் தட்டினால், 'குளிர் வருது, உள்ளுக்கு வா' என்று சொல்ல உங்கள் வீட்டில் எப்போதும் ஒருவர் இருக்கட்டும்.